கார்ப்பெட்டுக்குள் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள்? சுத்தம் செய்யும் முறைகளும் கருவிகளும்

கார்ப்பெட் சுத்தம் செய்ய வருபவரிடம் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். நானும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் மெஷினைக் காட்டித்தான் வேலை பிடித்தேன். பெரிய தொட்டி, நீளக் குழாய், காதைத் துளைக்கும் சத்தம். வேலை முடிந்த அன்று கார்ப்பெட் புதிது போல இருக்கும். மூன்று வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும். வாசலிலிருந்து சோபா வரைக்கும் ஒரு கறுத்த தடம், முன்பு இருந்ததைவிட மோசமாக. பழைய அழுக்கு திரும்பி வந்துவிட்டது என்று வாடிக்கையாளர் நினைப்பார். நடந்தது வேறு. நான் உள்ளே விட்டுவிட்டு வந்த சோப்பு, போகிற வருகிற கால்களிலிருந்து புது அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்.

அந்த அழைப்புகளிடம் கற்றதை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஒரு முறை கார்ப்பெட்டுக்குள் எதைப் போடுகிறது என்பதை அதன் விளம்பரமே சொல்லிவிடும்: வெந்நீர், நுரை, பொடி, பாலிமர். போட்டதில் எவ்வளவைத் திரும்ப எடுக்கிறது, எதை உள்ளேயே விட்டுவிடுகிறது என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈரத்துக்கு முன்

எந்த முறையானாலும் முதல் வேலையில் ஈரம் கிடையாது. கார்ப்பெட்டில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி மணல், மண், தோல் செதில், நூல் துணுக்கு என்று உலர்ந்த துகள்களே. மணலுக்குக் கூரான விளிம்பு உண்டு. ஒவ்வொரு காலடியும் அதை இழையின் மேல் அரம்போலத் தேய்க்கிறது. நடமாட்டம் அதிகமுள்ள தடம் எத்தனை முறை கழுவினாலும் மங்கலாகவே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அழுக்கு போயிருக்கும், கீறல் விழுந்த இழை ஒளியைச் சிதறடிப்பதால் இருட்டாகத் தெரியும். அதைச் சரிசெய்யும் மெஷின் எதுவும் இன்னும் வரவில்லை.

உலர்ந்த மண்ணின் மேல் தண்ணீரை ஊற்றினால் கிடைப்பது சேறு. அதனால்தான் ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற தரநிர்ணய அமைப்பின் எஸ்100 தரநூல், உலர்ந்த அழுக்கை அகற்றுவதை முதல் படியாக வைக்கிறது. அழுக்கை இழையிலிருந்து இளக்கிப் பிரிப்பது, பிரிந்ததை வெளியே எடுப்பது, இழைகளைச் சீவி நிமிர்த்துவது, உலர்த்துவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெட்டிய இழை (நுனி வெட்டப்பட்டு நிமிர்ந்து நிற்பது) கொண்ட கார்ப்பெட்டுக்கு, மோட்டாரில் சுழலும் பிரஷ் உள்ள நிமிர்ந்த வகை வாக்குவம் கிளீனர் பொருத்தமானது. பிரஷ் தட்டி எழுப்புவதை உறிஞ்சி எடுத்துவிடும். வெட்டாமல் வளையமாகவே விட்ட வளைய இழைக்கும் நீண்ட கம்பளி இழைக்கும் பிரஷை நிறுத்திவிட்டு வெறும் உறிஞ்சலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இழை பிய்ந்துகொண்டு வரும். ஒரே இடத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக நான்கைந்து முறை ஓட்ட வேண்டும். வந்ததும் நேராகத் தண்ணீர்க் குழாயை மாட்டுகிறவரை வாசலிலேயே நிறுத்தி, "வாக்குவம் எங்கே?" என்று கேட்பதில் தவறே இல்லை.

நான்கு விஷயங்கள்

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் ஒரு வட்டத்தை வகுத்தார். எதைக் கழுவினாலும் நான்கு விஷயங்கள் சேர்ந்துதான் வேலை நடக்கிறது: ரசாயனம், வெப்பம், தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். துணி துவைப்பவர்களுக்கும் பாத்திரம் கழுவுபவர்களுக்கும் இது கைப்பழக்கத்திலேயே தெரியும். சின்னர் அதற்கு ஒரு படம் போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான்.

கார்ப்பெட் முறைகளை ஒப்பிட இதைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை. வெந்நீர் முறை வெப்பத்தை நம்புகிறது. பிரஷ் மெஷின்கள் தேய்ப்பை நம்புகின்றன. குறைந்த ஈர முறைகள் ரசாயனத்தை நம்புகின்றன. நேரத்தை நம்புகிறவர்கள்தான் குறைவு. முன்தெளிப்பாக அடித்த திரவம் 10 முதல் 15 நிமிடம் இழையில் நின்று வேலை செய்ய வேண்டும். அவசரக்காரர் தெளித்த கையோடு உறிஞ்சத் தொடங்கிவிட்டு, அழுக்கு போகவில்லை என்று அடுத்த முறை இன்னும் காரமான ரசாயனத்தைக் கலப்பார்.

இழை தெரியாமல் முறை இல்லை

கார்ப்பெட் எதனால் ஆனது என்பது தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுப்பது, நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பது. ஓரத்தில் மறைவான இடத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை வெட்டி எடுத்துச் செய்யும் எளிய சோதனைகள் இருக்கின்றன. தண்ணீரில் நனைத்து அமுக்கிவிட்டாலும் மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். அதன் அடர்த்தி 0.91 என்பதால் அது மூழ்காது. நைலானும் (1.14) பாலியெஸ்டரும் (1.38) மூழ்கிவிடும். இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் கம்பளியும் பட்டும் முடி கருகும் வாசனை தரும், தீயை எடுத்ததும் தானாக அணையப் பார்க்கும். பருத்தி, சணல், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் ஆகியவை காகிதம் எரிவதுபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழைகள் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும்.

நைலான் நல்ல மாணவன்: வெந்நீரைத் தாங்கும், மிதித்தாலும் நிமிர்ந்துகொள்ளும். ஆனால் கறை ஒட்டாமல் இருக்க அதன் மேல் பூசப்பட்ட பாதுகாப்பை அதிகக் காரம் அரித்துவிடும். பி.ஹெச். (அமில-கார அளவு) 10-ஐத் தாண்டாத திரவமே போதும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் உலரும், நீர்க்கறை அதில் பிடிப்பதும் அரிது. எண்ணெய் பட்டால் மட்டும் விடாது. அழுந்திய இடம் நிமிரவும் செய்யாது. பாலியெஸ்டருக்கும் எண்ணெயோடு இதே உறவுதான்.

கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீத ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகக் காட்டாது. உலர்ந்துவிட்டது என்று நம்மை ஏமாற்றும். காரத்தில் அது பலவீனமாகும், குளோரின் பிளீச்சில் கரைந்தே போகும். மிதமான சூடு, நடுநிலைக்கு அருகிலான திரவம், குறைந்த தேய்ப்பு ஆகிய மூன்றும் அதற்குக் கட்டாயம்.

விஸ்கோஸ் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். கடையில் பட்டுபோல மின்னும். "செயற்கைப் பட்டு" என்றும் விற்பார்கள். நனைந்தால் இழை வலுவிழக்கும், மஞ்சளாகும், உலர்ந்ததும் அட்டைபோல் விறைக்கும். தண்ணீர் சிந்தியதே அதில் கறையாகத் தெரியும். வீட்டில் வைத்து இதை வெந்நீரில் கழுவித் தருகிறேன் என்பவருக்கு விஸ்கோஸ் தெரியாது என்று பொருள்.

வெந்நீர் உறிஞ்சல்

இதை எல்லோரும் ஸ்டீம் கிளீனிங் என்கிறார்கள். உள்ளே போவது ஆவி இல்லை, சூடான தண்ணீர். பம்ப் அழுத்தத்தில் தெளிக்கிறது, பக்கத்திலேயே உள்ள உறிஞ்சுவாய் அடுத்த கணமே அதை இழுத்துக்கொள்கிறது. உண்மையான நீராவிக் கருவி வேறு. அது கிருமி, உண்ணி போன்றவற்றைச் சூட்டால் கொல்லும், ஆனால் இளகிய அழுக்கை எடுத்துப் போக அதில் தண்ணீர் போதாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை பேசுபவர்கள் நிறைய.

ஆழமாகப் படிந்ததை வெளியே எடுப்பதில் இந்த முறைக்கு இணை இல்லை என்பது என் கட்சி. அழுக்கு, பழைய சோப்பு, மகரந்தம், உண்ணியின் எச்சம் எல்லாம் கலங்கிய தண்ணீராகத் தொட்டியில் வந்து விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல கார்ப்பெட் தயாரிப்பாளர்கள் தங்கள் உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் குறிப்பிட்ட கால இடைவெளியில் இந்த முறையில் சுத்தம் செய்த ரசீதைக் கேட்கிறார்கள். உங்கள் உத்தரவாத அட்டையை ஒரு முறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

ஆனால் தவறாகச் செய்தால் அதிகக் கெடுதல் செய்வதும் இதே முறைதான். தண்ணீரை உள்ளே அனுப்புவது யாருக்கும் வரும். திரும்ப எடுப்பதுதான் தொழில். ஆரம்ப காலத்தில் சணல் அடித்துணி கொண்ட ஒரு கார்ப்பெட்டை, கறை போகவில்லையே என்று மூன்று நான்கு முறை நனைத்தேன். மறுநாள் முழுப் பரப்பிலும் பழுப்பு வளையங்கள். சணலில் இருக்கும் இயற்கைச் சாயம் காரநீரில் கரைந்து, ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது அதோடு இழையின் நுனிக்கு வந்துவிட்டது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல்தான் இதுவும். அடியில் ஒளிந்திருக்கும் பழைய பானக் கறைகள் "போய்விட்டன" என்று நினைத்த பிறகு மீண்டும் முளைப்பதும் இப்படித்தான். இளம் அமிலக் கரைசலைத் தெளித்து, காற்றாடி வைத்து விரைவாக உலர்த்தி ஒருவழியாக மீட்டேன். அதன் பிறகு ஒரு முறை தண்ணீர் தெளித்து இழுத்தால் இரண்டு முறை தண்ணீரை மூடிவிட்டு வெறுமனே இழுப்பது என் கைக்குப் பழக்கமாகிவிட்டது.

நன்றாகச் செய்தால் 6 முதல் 12 மணி நேரத்தில் உலரும். புழுக்கமான நாளில், மூடிய அறையில், ஒரு நாள்கூட ஆகலாம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராத ஈரம் பூஞ்சைக்கு அழைப்பு. எனவே ஆளை வரவழைப்பதற்கு முன் ஜன்னல்களையும் மின்விசிறிகளையும் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். அடைமழைக் காலத்தில் காற்றோட்டமில்லாத அறைக்கு ஈரம் உறிஞ்சும் கருவி இல்லாமல் இந்த முறையை நான் ஒப்புக்கொள்வதில்லை.

தூக்கிச் செல்வதா, வண்டியில் ஏற்றியதா?

வெந்நீர் முறைக்குள்ளேயே இரண்டு சாதிக் கருவிகள். ஒன்று, சக்கரம் வைத்து அறைக்குள் உருட்டிச் செல்வது. மற்றொன்று, வேனுக்குள் பொருத்தி, எஞ்சின் ஓட்டும் பம்ப்பால் உறிஞ்சுவது. வண்டி வெளியே நிற்கும், குழாய் மட்டும் வீட்டுக்குள் வரும். இந்த இரண்டாவது ஏற்பாடு புதிதாகத் தோன்றலாம். 1901-இல் ஹ்யூபர்ட் செசில் பூத் உருவாக்கிய முதல் வாக்குவம் கருவியே அப்படிப்பட்டதுதான். குதிரை இழுத்து வந்த வண்டியில் எஞ்சின் இருந்தது. தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாக நீளக் குழாயை உள்ளே விட்டார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது.

வண்டிக் கருவியின் பலம் உறிஞ்சலும் வற்றாத சூடும். மின்சார இணைப்பின் எல்லைக்குள் அடங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. கார்ப்பெட் சீக்கிரம் உலரும், ஒரே நாளில் பெரிய பரப்பு முடியும். பலவீனம் தூரம். குழாய் நீள நீள உறிஞ்சலும் குறையும், தண்ணீரும் ஆறும். பத்தாவது மாடிக்கு அது பயனில்லை. அங்கே உருட்டிச் செல்லும் கருவிதான். கீழ்த்தளத்தில், வாசலுக்கு அருகே வண்டி நிறுத்த இடம் இருக்கும் வீடு என்றால் வண்டிக் கருவியை விடாதீர்கள்.

உருட்டும் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு சொல். விற்பவர் பம்ப்பின் அழுத்தத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்: 100 பி.எஸ்.ஐ., 500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று. 500 வரை போகும் பம்ப் கடினத் தரையைக் கழுவவும் உதவும். கார்ப்பெட்டில் பெரும்பாலான வேலைக்கு அதில் பாதியே போதும். அதற்கு மேல் போனால் தண்ணீர் அடித்துணிக்குள் இறங்கிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது உறிஞ்சு மோட்டாரைப் பற்றி. அதற்கு இரண்டு அளவுகள் உண்டு. நீர் தூக்கும் திறன் என்பது குழாயை மூடிவிட்டால் எத்தனை அங்குல உயரத்துக்கு நீரைத் தூக்கும் என்பது. காற்றோட்டம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்பது. இரண்டு மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் தூக்கும் திறன் கூடும், பக்கம் பக்கமாக இணைத்தால் காற்றோட்டம் கூடும். நீளக் குழாய் போட்டு வேலை செய்பவருக்குத் தூக்கும் திறன் முக்கியம்; குறுகிய குழாயோடு விரைவாக உலர வேண்டும் என்பவருக்குக் காற்றோட்டம்.

உள்ளமைந்த ஹீட்டர் இருந்தால் நல்லது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ரசாயன வேலை ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பழைய கணக்கு. ஆனால் ரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைச் சூடு இறுக்கிவிடும். அவற்றைக் குளிர்ந்த நீரில் எடுத்த பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். தரையில் இழுக்கும் உறிஞ்சுவாயில் வழுக்கும் டெஃப்லான் பட்டை பொருத்தினால் கையும் வலிக்காது, தண்ணீரும் கூடுதலாக வரும். இந்தச் சின்னப் பட்டைக்குச் செலவழிக்கும் பணம், இன்னும் பெரிய பம்ப்புக்குக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

ஷாம்பூவும் போனட்டும்

சுழலும் பிரஷில் நுரையை இறக்கித் தேய்க்கும் ஷாம்பூ முறை பழையது. தேய்ப்பு பலமாக இருக்கும், அதனால் அழுக்கு நன்றாகவே இளகும். பிறகு? உலரவிட்டு வாக்குவம் போடுவார்கள். நுரையில் பாதி உள்ளேயே தங்கிவிடும். நான் முதலில் சொன்ன மூன்றாவது வார அழைப்பு இந்த முறையின் பிள்ளை. ஷாம்பூ போட்ட பின் வெந்நீரில் அலசி உறிஞ்சுவதாக இருந்தால் பேசலாம்; மிக மோசமான அழுக்குக்கு அந்தக் கூட்டு இன்றும் பயன்படுகிறது.

போனட் என்பது தரை மெருகேற்றும் அதே சிங்கிள் டிஸ்க் மெஷின். பொதுவாக 17 அங்குல வட்டம், நிமிடத்துக்கு 175 சுற்று. பிரஷுக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் தடித்த துணிவட்டு. திரவம் தெளித்து மேலே ஓட்டினால் நுனியிலுள்ள அழுக்கு துணியில் ஒட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடக்கலாம். மாலை விழாவுக்குக் காலையில் மண்டபத்தைப் பார்க்கும்படி ஆக்க வேண்டுமா, போனட் போடுங்கள். அதற்கு மேல் எதையும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பங்கு அழுக்கைத் துடைக்கும், மீதியைக் கீழே தள்ளும். வெட்டிய இழையின் நுனியைச் சுழற்றி முறுக்கிவிடுவதால் பல தயாரிப்பாளர்கள் இதை அனுமதிப்பதில்லை. துணிவட்டு கறுத்த பிறகும் திருப்பிப் போடாமல் ஓட்டுபவர் அழுக்கை ஒரு மூலையிலிருந்து எடுத்து இன்னொரு மூலையில் பூசிக்கொண்டிருக்கிறார்.

என்காப்சுலேஷன்

குறைந்த ஈர முறைகளில் என் மரியாதையைப் பெற்றது, அழுக்கைப் பொதிந்து எடுக்கும் இந்த முறைதான். ஆரம்பத்தில் நான் இதை ஏளனம் செய்ததுண்டு. தண்ணீர் வராமல் என்ன சுத்தம் என்று கேட்டேன்.

திரவத்தில் சோப்போடு ஒரு பாலிமர் இருக்கும். தெளித்துத் தேய்த்ததும் இளகிய அழுக்கை அது சூழ்ந்துகொள்கிறது. உலரும்போது கண்ணாடித் துகள்போல் நொறுங்கும் படிகமாக மாறுகிறது. அந்தப் படிகத்தில் ஒட்டும் தன்மை இல்லை. அடுத்த சில நாட்களில் போடும் வாக்குவம் அதை அழுக்கோடு சேர்த்து எடுத்துவிடும். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடுவதால் அலுவலகம் மூடிய பிறகு செய்து, காலையில் திறக்கலாம். ஈரம் அடித்துணி வரை போகாததால் பழைய கறை மேலேறும் தொல்லையும் குறைவு. வெந்நீர் போட்ட பின் திரும்பத் திரும்ப முளைக்கும் கறைக்கு இதையே மருந்தாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

இந்த முறையும் எச்சத்தை விட்டுத்தான் போகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த எச்சம் ஒட்டாதது, பின்னால் எடுக்கக்கூடியது. எல்லாம் திரவத்தின் தரத்தைப் பொறுத்தது. ஒரு கண்ணாடித் தட்டில் இரண்டு ஸ்பூன் ஊற்றி ஓரிரு நாள் உலர விடுங்கள். சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர வேண்டும். விரலில் பிசுபிசுத்தால் அது வெறும் ஷாம்பூ, வேறு பெயரில் வந்திருக்கிறது. தன் திரவத்தை இந்தச் சோதனைக்குக் கொடுக்கத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கருவியில் இரண்டு தேர்வு. எதிரெதிராகச் சுழலும் இரட்டை உருளைப் பிரஷ் மெஷின் இழைகளுக்குள் இறங்கித் தேய்க்கும், முடியையும் நாரையும் வாரி எடுக்கும், மிதிபட்டுச் சாய்ந்த இழையை நிமிர்த்தும். துணிவட்டு வைத்து அதிர்ந்து சுழலும் ஆர்பிட்டல் மெஷின் வளைய இழை கொண்ட அலுவலகக் கார்ப்பெட்டில் வேகமாக ஓடும், அழுக்கில் ஒரு பங்கைத் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இரட்டை உருளையை வாங்குவேன். உலர்பொடி முறைக்கும், வெந்நீருக்கு முன் முன்தெளிப்பைத் தேய்த்து இறக்குவதற்கும் அதே மெஷின் போதும்.

இந்த முறை தோற்கும் இடம் தெளிவானது. வளர்ப்புப் பிராணியின் சிறுநீர் அடிமெத்தை வரை இறங்கியிருந்தால், மேற்பரப்பில் படிகம் செய்து பயனில்லை. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்குக்கும் அப்படியே. வாக்குவம் ஒழுங்காகப் போடாத இடத்தில் இதைச் செய்வது, குப்பையைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குள்ளேயே வைப்பதற்குச் சமம்.

உலர்பொடி

சற்றே ஈரமான, கரைப்பானும் சோப்பும் ஊறிய நார்ப்பொடியைத் தூவி, இரட்டை உருளையால் தேய்த்து, உறிஞ்சி எடுப்பது. வேலை முடிந்த உடனே நடக்கலாம். தண்ணீரே பட்டுவிடக் கூடாத சைசல், சணல் போன்ற இயற்கை நார் விரிப்புகளுக்கு முதலில் யோசிக்க வேண்டிய முறை இதுதான். அடர்த்தியான நீள இழைக்குள் போன பொடி வருவதற்கு நாளாகும். அறையின் மூலைகளில் வெள்ளைத் தூசி தெரியும். தூசி ஒவ்வாமை உள்ள வீட்டில் நான் செய்வதில்லை.

கழற்றி எடுக்கக்கூடிய கம்பளம்

கையால் முடிச்சிட்ட கம்பளம், பட்டு, பழைய கம்பளி ஆகியவற்றைத் தரையில் விரித்தபடியே சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள், எந்த முறையிலும். அவற்றுக்கான இடம் கழுவுகூடம். அங்கே முதலில் கவிழ்த்துப் போட்டு அதிர வைத்துத் தூசி தட்டுவார்கள். சுத்தமாகத் தோன்றும் கம்பளத்திலிருந்து கொட்டும் மணலைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். பிறகு ஒவ்வொரு நிறத்தையும் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடவில்லை என்றால் மட்டும் முழுக்க நனைத்துக் கழுவி, சுழற்றிப் பிழிந்து, காற்று படும்படி உலர்த்துவார்கள். இரண்டு பக்கமும் நீர் ஓடுவதால் சோப்பு தங்குவதில்லை. சிறுநீர் இறங்கிய கம்பளத்துக்கு இதைத் தவிர நிரந்தர வழி இல்லை. ஒரு நாளில் திரும்பத் தருகிறேன் என்றால் எங்கோ ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள்.

எனக்கென்றால்

நைலான் அல்லது பாலியெஸ்டர் கார்ப்பெட் பதித்த, குழந்தைகளும் பிராணிகளும் உள்ள வீடு என்றால், ஆண்டுக்கு ஒரு முறை வெந்நீர் உறிஞ்சல். அமெரிக்காவின் கார்ப்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிடியூட் 12 முதல் 18 மாதங்களுக்கு ஒரு முறை என்கிறது. பிராணி இருந்தால் அதன் முன் எல்லையைப் பிடித்துக்கொள்வேன். இடையில் வேறு எதுவும் வேண்டாம், வாரம் இரண்டு முறை ஒழுங்கான வாக்குவம் போதும்.

அலுவலகம் என்றால் கணக்கு மாறும். பரப்பு அதிகம், மூடும் நேரம் குறைவு, அழுக்கு பெரும்பாலும் உலர்ந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறை நடமாடும் தடங்களில் மட்டும் என்காப்சுலேஷன் செய்து, ஆண்டுக்கொரு முறை நீண்ட விடுமுறையில் வெந்நீரால் அலசி எடுப்பேன். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. உணவகத்தின் எண்ணெய்ப் பிசுக்குக் கார்ப்பெட்டுக்கு வெந்நீரைத் தவிர எதுவும் நிற்காது. அதிலும் முன்தெளிப்பைப் பிரஷால் தேய்த்து இறக்கி, நேரம் கொடுத்து, பிறகே உறிஞ்ச வேண்டும். பதித்த கம்பளிக் கார்ப்பெட் என்றால் குறைந்த சூட்டில் வெந்நீர் முறை. ஆனால் கம்பளி வேலை செய்து பழகிய கை வேண்டும். அந்தக் கை கிடைக்காவிட்டால் உலர்பொடியோடு நிறுத்திக்கொள்வேன்.

தொழில் தொடங்குபவர் என்னைக் கேட்டால், முதல் பணத்தை நல்ல வாக்குவம் கிளீனரில் போடச் சொல்வேன். இரண்டாவதை இரட்டை உருளை மெஷினில். மூன்றாவதை ஹீட்டர் உள்ள உருட்டும் கருவியிலும் இரண்டு காற்றாடிகளிலும். வண்டிக் கருவி, வேலை நிறைந்து வழிந்த பிறகு.

யாரை அழைத்தாலும், வேலை தொடங்குமுன் எதைத் தெளிக்கப் போகிறார், அதை எதைக் கொண்டு அலசி எடுப்பார் என்று கேளுங்கள். முடிந்ததும் வெள்ளைத் துண்டை மடித்துத் தரையில் வைத்துக் காலால் அழுத்திப் பாருங்கள். லேசான ஈரம் ஒட்டலாம். துண்டு நனைந்தால் ஆளைப் போகவிடாமல் இன்னும் இரண்டு முறை வெறுமனே இழுக்கச் சொல்லுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு, நடமாடும் தடத்தில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து முறை தேய்த்து, விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினாலோ நுரை எழுந்தாலோ சோப்பு உள்ளேயே இருக்கிறது. மறுபடி அழைத்து, சோப்பு எதுவும் கலக்காத வெந்நீரால் மட்டும் ஒரு முறை அலசித் தரச் சொல்லுங்கள். மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம்.